ஏழு தண்ணீர்

(இருட்டறையில் அச்சிடும் புகைப்படக்காரர்கள் சென்னையில் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு பழைய வார்த்தையிலிருந்து தொடங்குகிறேன். நம் வீடுகளில் ஃபிலிம் ரோல் புழங்கிய காலத்தில் படத்தை ‘டெவலப்’ செய்யக் கொடுத்திருப்பதாக யாரும் சொன்னதில்லை. ‘கழுவக் கொடுத்திருக்கு’ என்பார்கள். கல்யாணம் முடிந்து ஒரு மாதமாகியும் ஆல்பம் வராவிட்டால், “இன்னுமா கழுவுறான்?” என்று அத்தை கேட்பார். ஸ்டுடியோவின் கறுப்புத் திரைக்குப் பின்னால் நடக்கும் அத்தனை ரசாயன வேலையையும் அந்த ஒரு சொல்லுக்குள் போட்டுவிட்டார்கள். இளவயதில் எனக்கு அது விவரம் தெரியாதவர்கள் பேச்சாகப் பட்டது. முப்பது வருடம் ட்ரேக்களுக்கு முன்னால் நின்றபிறகு, அத்தைதான் சரியாகச் சொன்னார் என்று தோன்றுகிறது. படம் கழுவுவதில்தான் இருக்கிறது. அந்தப் படத்தை இன்னொருவருக்குக் கொடுக்கப்போகிறோம் என்றால் இன்னும் அதிகமாக அதில்தான் இருக்கிறது.

நான் ஒரு பரிமாற்றக் குழுவில் இருக்கிறேன். மொத்தம் பன்னிரண்டு பேர். ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொருவரும் தன் நெகட்டிவ் ஒன்றிலிருந்து பன்னிரண்டு பிரிண்ட் போட்டு ஒருங்கிணைப்பவருக்கு அனுப்ப வேண்டும். அவர் பிரித்து அடுக்கி ஆளுக்கொரு கட்டாகத் திருப்பி அனுப்புவார். ஒரே படத்தின் பன்னிரண்டு பிரதி போகும், பன்னிரண்டு வெவ்வேறு படங்கள் வரும். பலகாரம் கொண்டுவந்த தூக்குவாளியை வெறுமனே திருப்பி அனுப்பாத ஊர் நம்முடையது. அந்தக் கணக்குதான் இது.

2019 கோடை உங்களுக்கு நினைவிருக்கும். சென்னையில் ஏரிகள் வறண்டு, தெருமுனையில் குடங்கள் வரிசை கட்டி, தண்ணீர் லாரியின் ஹார்ன் கேட்டால் வீட்டில் பாதிப் பேர் ஓடிய காலம். அந்த ஜூன் மாதம் என் பன்னிரண்டு பிரிண்டையும் போட்டேன். ஃபைபர் பேப்பர். ஒரு மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டிய சரக்கு. குழாயில் தண்ணீர் ஓடினால்தானே? இரண்டு வாளியில் முக்கி எடுத்துக் காயப்போட்டேன். பார்க்க அருமையாக இருந்தது. அனுப்பிவிட்டேன்.

அடுத்த வருடம் கோவையிலிருந்து ஒரு கவர் வந்தது. குழுவிலேயே மூத்தவர் அவர். உள்ளே நான் அனுப்பிய அதே படம். வெள்ளை விளிம்பில் வெற்றிலைக் கறைபோல் மஞ்சள் படர்ந்திருந்தது. நிழல் பகுதியில் ஓரிடம் பழுப்பாகி வெளிறியிருந்தது. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: “தம்பி, படம் நன்றாக இருக்கிறது. காகிதத்துக்குத்தான் இன்னும் தாகம் தீரவில்லை.”

மற்ற பதினோரு வீடுகளிலும் அதே கறை மெல்லப் படர்ந்துகொண்டிருக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது. நமக்கென்று போட்ட பிரிண்டில் பிழை இருந்தால் அது நம் அலமாரியோடு போகும். கைமாறிய பிரிண்டிலோ நம் அலட்சியம் அடுத்தவர் வீட்டில், நாம் இல்லாத நேரத்தில், நம் கையெழுத்தோடு வெளிப்படும்.

இந்த வெட்கம் எனக்கு மட்டும் வந்ததல்ல. புகைப்படக் கலையே தன் முதல் இருபது வருடத்துக்குள் இதைப் பட்டிருக்கிறது. வெள்ளி உப்புகளை ஹைப்போ என்ற ரசாயனம் கரைக்கும் என்று ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் 1819இலேயே கண்டிருந்தார். 1839இல் புகைப்படம் பிறந்தபோது, படத்தை நிலைநிறுத்த அதையே பயன்படுத்தலாம் என்று காகிதப் புகைப்பட முறையைக் கண்டுபிடித்த டால்பட்டுக்குச் சொன்னவரும் அவர்தான். படம் நின்றது. ஆனால் போட்ட ஹைப்போவை வெளியேற்றுவது அதைவிடப் பெரிய வேலை என்பது புரியச் சில வருடங்கள் ஆயின. 1846இல் லண்டனின் ‘ஆர்ட் யூனியன்’ இதழ், தன் வாசகர்கள் ஒவ்வொருவருக்கும் டால்பட் முறையில் அச்சிட்ட ஒரு நிஜப் புகைப்படத்தை இதழோடு சேர்த்துக் கொடுத்தது. ஆயிரக்கணக்கான பிரிண்ட்கள், அவசர வேலை, போதாத கழுவல். அவற்றில் பல சீக்கிரமே மங்கிவிட்டன. அத்தனை வீட்டிலும் ஒரே சமயத்தில் மங்கினால் புதுக்கலையின் பெயர் என்ன ஆகும்?

1855இல் இங்கிலாந்தில் இரண்டு காரியங்கள் நடந்தன. புகைப்படக்காரர்கள் சிலர் சங்கமாகச் சேர்ந்து, தங்கள் பிரிண்ட்களை ஒருவருக்கொருவர் கொடுத்து ஆல்பமாகக் கட்டிக்கொண்டார்கள். எங்கள் பன்னிரண்டு பேர் குழுவுக்கு முப்பாட்டன் அதுதான். படத்தோடு, அது எந்த முறையில் எடுக்கப்பட்டது என்ற விவரமும் சேர்ந்தே போனது. அதே வருடம் லண்டன் புகைப்படச் சங்கம், பிரிண்ட்கள் ஏன் மங்குகின்றன என்று விசாரிக்க ஒரு குழுவை அமைத்தது. விக்டோரியா ராணியின் கணவர் ஆல்பர்ட் அதற்கு 50 பவுண்ட் கொடுத்தார். அந்தக் குழு முதல் குற்றவாளியாகச் சொன்னது எதை? சரியாகக் கழுவாமல் காகிதத்தில் தங்கிவிட்ட ஹைப்போவை. அடுத்தபடியாக ஈரத்தையும் காற்றிலுள்ள கந்தகத்தையும். இன்றைக்கும் அந்தப் பட்டியலில் மாற்ற வேண்டியது அதிகமில்லை.

அட்லாண்டிக் தாண்டி நியூயார்க்கில் 1861இல் அமெச்சூர் புகைப்படப் பரிமாற்ற சங்கம் ஒன்று தோன்றியது. அவர்கள் கண்ணாடிக் கருவியில் வைத்துப் பார்க்கும் இரட்டைப் படங்களைத் தபாலில் மாற்றிக்கொண்டார்கள். உள்நாட்டுப் போர்க் காலம் அது. இரண்டு வருடத்தில் சங்கம் கலைந்துவிட்டது.

நம் ஊர் இந்தக் கதைக்கு வெளியே இல்லை. லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி 1856இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். அதற்கு முந்தைய வருடம் பர்மாவுக்குப் போன தூதுக்குழுவோடு சென்று எடுத்த படங்களிலிருந்து 120 காட்சிகளைத் தேர்ந்தெடுத்து, 50 செட் அச்சிட்டுக் கொடுத்தார். ஆறாயிரம் பிரிண்ட்! எங்கள் பன்னிரண்டை நினைத்துப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. 1858இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி, 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். காகித நெகட்டிவில் எடுத்து, பிரிண்டுக்குத் தங்க டோனிங் கொடுத்தவர் அவர். அந்தப் படங்களை இன்றும் நாம் பார்க்க முடிவதில், எடுத்த கண்ணுக்கு எவ்வளவு பங்கோ, அச்சிட்ட பொறுமைக்கும் அவ்வளவு பங்கு.

சரி, வேலைக்கு வருவோம். ஹைப்போ காகிதத்தில் தங்கினால் என்ன ஆகிறது? அது நாளடைவில் சிதைந்து கந்தகச் சேர்மங்களைக் கக்குகிறது. படம் என்பது நுண்ணிய வெள்ளித் துகள்தானே? வீட்டு வெள்ளிக் குத்துவிளக்கு கறுப்பதும் கந்தகத்தால்தான். குத்துவிளக்கைத் துலக்கிவிடலாம், பிரிண்டைத் துலக்க முடியாது. துகள் மிகச் சிறியதாக இருப்பதால் கறுப்பதற்குப் பதிலாக மஞ்சளும் பழுப்புமாகி வெளிறுகிறது. இன்னொரு வகைக் கறையும் உண்டு. பழைய, களைத்துப்போன ஹைப்போவில் போட்டால் வெள்ளி உப்பு முழுதாகக் கரையாமல் காகிதத்தில் ஒட்டிக்கொள்ளும். அதை எத்தனை தண்ணீரில் கழுவினாலும் போகாது. அதனால் ஹைப்போவை இரண்டு ட்ரேயில் வையுங்கள். முதல் ட்ரே பெரும்பாலான வேலையைச் செய்யட்டும், இரண்டாவது எப்போதும் புதிதாக இருக்கட்டும்.

நெடுநேரம் ஊறினால் பத்திரம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஃபைபர் பேப்பரில் அது நேர்மாறு. ஊற ஊற ஹைப்போ நாருக்குள் இறங்கும், பிறகு வெளியே வர அடம்பிடிக்கும். செறிவான ரேப்பிட் ஃபிக்ஸரில் ஒரு நிமிடம் போதும் என்று இல்ஃபோர்ட் போன்ற பேப்பர் தயாரிப்பாளர்களே சொல்வதன் காரணம் இதுதான். பிளாஸ்டிக் பூசிய ஆர்.சி. பேப்பருக்கு இந்தத் தொல்லை இல்லை, இரண்டு நிமிடக் கழுவல் போதும். முதல்முறை பரிமாற்றத்தில் சேருகிறவர்கள் தயங்காமல் ஆர்.சி.யில் போடலாம். அரைகுறையாகக் கழுவிய ஃபைபரைவிட ஒழுங்காகக் கழுவிய ஆர்.சி. எவ்வளவோ மேல்.

தண்ணீர் இல்லாத ஊரில் ஃபைபரை எப்படிக் கழுவுவது? கோவைப் பெரியவரின் சீட்டு வந்தபிறகு இதைத்தான் நான் படித்தேன். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஒன்று கண்டுபிடித்தார்கள். கடல்நீரில் கழுவினால் ஹைப்போ நன்னீரைவிட வேகமாக விடுபடுகிறது. உப்புதான் காரணம். அதற்காக மெரினாவுக்குக் கிளம்பிவிடாதீர்கள், அந்த உப்பையும் கடைசியில் நன்னீரில் போக்க வேண்டும். கடைகளில் ‘ஹைப்போ கிளியரிங்’ என்ற பெயரில் விற்கும் சரக்கு அந்த அறிவிலிருந்து வந்ததுதான். வீட்டில் செய்வதானால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் சோடியம் சல்ஃபைட். முதலில் ஐந்து நிமிடம் சாதாரணக் கழுவல், பிறகு இந்தக் கரைசலில் பத்து நிமிடம், அதன்பிறகு மறுபடி தண்ணீர்.

அந்தத் தண்ணீரைக் குழாயில் திறந்துவிட வேண்டியதில்லை. ஹைப்போ காகிதத்திலிருந்து தானாக ஊறித்தான் வெளியே வர வேண்டும், தண்ணீரின் வேகம் அதைப் பிடித்து இழுக்காது. உள்ளேயும் வெளியேயும் செறிவு சமமானதும் அது வருவது நின்றுவிடும். அப்போது தண்ணீரை மாற்றினால் மறுபடி வரும். இது நம் அம்மாக்களுக்கு ஏற்கெனவே தெரிந்த வித்தை. யாராவது அரிசியைக் குழாயடியில் வைத்துக் களைகிறார்களா? தண்ணீர் ஊற்றி, அலசி, வடித்து, மறுபடி ஊற்றுகிறார்கள். “மூணு தண்ணி அலசிட்டேன்” என்கிறார்கள். பிரிண்டுக்கும் அதே கணக்கு. ட்ரே நிறையத் தண்ணீர், ஐந்து நிமிடம், தாள்களைப் புரட்டிக்கொடுங்கள், முழுக்கக் கொட்டுங்கள். நான் ஏழு தண்ணீர் விடுகிறேன். கடைசி இரண்டு தண்ணீரைக் கொட்டாமல் வைத்து, அடுத்த தொகுதியின் முதல் கழுவலுக்கு எடுத்துக்கொள்கிறேன். போதுமா என்ற சந்தேகத்துக்குச் சோதனை உண்டு. அசிட்டிக் அமிலம் சேர்த்த சில்வர் நைட்ரேட் கரைசலில் ஒரு சொட்டை, கழித்துப்போட்ட ஒரு பிரிண்டின் வெள்ளை விளிம்பில் வைத்து இரண்டு நிமிடம் பொறுங்கள். பழுப்பு அழுத்தமாக விழுந்தால் ஹைப்போ இன்னும் இருக்கிறது, இன்னொரு தண்ணீர் விடுங்கள்.

அடுத்தது, பன்னிரண்டும் ஒன்றுபோல் இருப்பது. ஒரு நல்ல பிரிண்ட் போடுவது திறமை. அதையே பன்னிரண்டு முறை போடுவதற்குக் கணக்கு வேண்டும். காசிமேட்டில் எடுத்த ஒரு படம் என்னிடம் இருக்கிறது. கூரைக்கடியில் ஒரு முதியவர் வலை பின்னுகிறார். உள்ளே இருட்டு, வெளியே வெள்ளையாய்க் கொதிக்கும் வானம். நேராக அச்சிட்டால் வானம் வெற்றுத் தாளாக நிற்கும், முகம் கரிக்கட்டையாகிவிடும். இரண்டரை கிரேடில் 14 விநாடி, அதில் முகத்துக்கு மட்டும் மூன்று விநாடி மறைப்பு, பிறகு வானத்துக்கு ஒன்றாம் கிரேடில் பத்து விநாடி கூடுதல் வெளிச்சம். இதை ஒரு தாளில் கோட்டுப்படமாக வரைந்து, எந்த இடத்துக்கு எத்தனை விநாடி என்று குறித்து, என்லார்ஜருக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறேன். மறைக்கும் அட்டைத் துண்டை எந்த உயரத்தில் பிடித்தேன் என்பதுவரை அதில் இருக்கும். அது இல்லாமல் ஏழாவது பிரிண்டில் கை தன் இஷ்டத்துக்குப் போய்விடும்.

டெவலப்பருக்குச் சொன்ன சூடு 20 டிகிரி. சென்னை மேமாதக் குழாய்த் தண்ணீர் அதை எப்போதோ தாண்டியிருக்கும். சூட்டில் ஜெலட்டின் ஊதி மெத்தென்றாகும், இடுக்கி பட்ட இடமெல்லாம் கீறும். பால் கவரில் ஐஸ் கட்டி முடிந்து, டெவலப்பர் ட்ரேயைப் பெரிய தட்டில் வைத்து, சுற்றிலும் அதைப் பரப்புங்கள். டெவலப்பருக்குள்ளேயே போட்டால், கவர் கொஞ்சம் கசிந்தாலும் கரைசல் நீர்த்துவிடும். பன்னிரண்டு பிரிண்டுக்குள் டெவலப்பர் களைத்துப்போவதும் உண்டு, பாதியில் மாற்றுங்கள். பன்னிரண்டு வேண்டுமென்றால் பதினைந்து போடுங்கள். காய்ந்தபின் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, கூட்டத்தில் சேராத மூன்றை எடுத்துவிடுங்கள். அந்த மூன்றும் உங்களுக்கு.

‘காய்ந்தபின்’ என்றதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். ஈரப் பிரிண்ட் பொய் சொல்லும். தண்ணீருக்கடியில் வெள்ளை பளிச்சென்று மினுங்கும், காய்ந்ததும் ஒரு படி மங்கிவிடும். ஃபைபர் பேப்பரில் இது நன்றாகத் தெரியும். அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் சோதனைத் துண்டுகளை மைக்ரோவேவ் அடுப்பில் உலர்த்திப் பார்த்துத்தான் முடிவு செய்வார். நமக்கு ஹேர் டிரையர் போதும். உலர்ந்த துண்டைக் கூடத்து விளக்கடியில் கொண்டுபோய்ப் பாருங்கள். வாங்குபவர் அதை உங்கள் இருட்டறையின் நூறு வாட் பல்புக்குக் கீழே வைத்துப் பார்க்கப்போவதில்லை.

அடுத்து ஸ்பாட்டிங். நெகட்டிவில் உட்கார்ந்த தூசி, பிரிண்டில் வெள்ளைப் புள்ளியாக விழும். மெல்லிய தூரிகை, நீர்த்த சாயம். தூரிகையில் ஈரமே இல்லையோ என்று தோன்றும் அளவுக்குத் துடைத்துவிட்டு, புள்ளிக்குள் புள்ளியாக வையுங்கள். ஒரே தீற்றில் மூட நினைத்தால் வெள்ளைப் புள்ளி போய்க் கறுப்புப் புள்ளி வந்து உட்காரும். சுற்றியிருக்கும் சாம்பலைவிடக் கொஞ்சம் வெளிறிய நிலையில் நிறுத்துவதுதான் கைப்பழக்கம். பன்னிரண்டு பிரிண்டிலும் அதே புள்ளிகளைப் பன்னிரண்டு முறை மூடவேண்டி வரும்போது, அச்சிடும்முன் நெகட்டிவை ஊதித் துடைக்காத சோம்பலுக்கு வட்டி கட்டுகிறோம்.

அட்டையில் ஒட்டிக் கொடுக்கலாமா? என் அபிப்பிராயம், வேண்டாம். சூடேற்றி ஒட்டியதைப் பிரிக்க முடியாது. வாங்குபவர் சட்டம் போடுவாரோ, பெட்டியில் வைப்பாரோ, அது அவர் விருப்பம். வெறும் தாளாக, சுற்றிலும் ஓர் அங்குல வெள்ளை விளிம்போடு கொடுங்கள். விரல் பிடிக்க இடம் வேண்டும். அட்டையோடு கொடுத்தே ஆகவேண்டுமென்றால் அமிலமில்லாத அட்டை வாங்கி, மேல்விளிம்பில் மட்டும் மெல்லிய தாள் கீலும் மாவுப் பசையும். செலோடேப் கண்டிப்பாகக் கூடாது. அது சில வருடத்தில் தேன்நிறமாகி ஒழுகும்.

பின்பக்கம் எழுதுங்கள். மெத்தென்ற பென்சிலால், படத்துக்கு நேர் பின்னால் அழுத்தாமல், விளிம்புக்குப் பின்னால். கீழே கண்ணாடி போன்ற கடினத் தளம் இருக்கட்டும், இல்லையென்றால் எழுத்து முன்பக்கம் புடைக்கும். ஆர்.சி.யில் பென்சில் பிடிக்காது. அழியாத மையில் எழுதி, நன்றாகக் காயவிட்டு அடுக்குங்கள். பெயர், ஊர், எடுத்த வருடம், அச்சிட்ட வருடம். இந்த இரண்டு வருடமும் வேறு வேறு என்பதை மறக்காதீர்கள். பிறகு பேப்பர், டெவலப்பர், டோனிங். நான் முதன்முதலில் பிரிண்ட் போட்டது ஊட்டியில் செய்த ‘இந்து’ பேப்பரில். அரசின் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனத்தின் சரக்கு அது. நிறுவனம் 1960இல் தொடங்கியது, அந்த ஆலை இன்று இயங்கவில்லை. அந்தக் காலத்துப் பிரிண்ட் ஒன்றைக் கையில் எடுத்து, இது ‘இந்து’வா, வெளிநாட்டுச் சரக்கா என்று கேட்டால், பின்னால் எழுதாமல் விட்ட எனக்கே சொல்லத் தெரியவில்லை.

கட்டுவதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தெளிவான உறை, அதைத் தாங்க ஒரு அட்டை, மூலைகளைச் செருகக் காகிதப் பைகள். வெளியே இரண்டு நெளி அட்டைகள், ஒன்றின் நெளி நெடுக்காக, மற்றதன் நெளி குறுக்காக. அப்போது எந்தப் பக்கமும் மடியாது. ‘மடக்காதீர்’ என்று எழுதுங்கள், ஆனால் எழுத்தை நம்பாதீர்கள், அட்டையை நம்புங்கள். ஐப்பசி, கார்த்திகையில் அனுப்பாதீர்கள். அடைமழையில் உறைக்குள் சிக்கிய ஈரம் வெளியே வராது, பூஞ்சை வரும். தை பிறந்ததும் அனுப்பலாம். பிரவுன் டேப்பைச் சுற்றிச் சுற்றி ஒட்டினால் வாங்குபவர் கத்தியோடு போராட வேண்டியிருக்கும். அந்தக் கத்தி எங்கே போய் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வாங்குபவருக்கும் ஒரு கடமை உண்டு. ‘சூப்பர்’ என்று ஒரு வார்த்தை அனுப்பிவிட்டு அலமாரியில் போட்டுவிடாதீர்கள். ஒரு வாரம் மேசையில் வைத்து, போகும்போதும் வரும்போதும் பாருங்கள். பிறகு கண்ணில் பட்டதை ஒரு கார்டில் எழுதுங்கள். கோவைப் பெரியவர் அன்று கறையைப் பார்த்துவிட்டு மரியாதைக்காகப் பேசாமல் இருந்திருந்தால், நான் இன்றைக்கும் இரண்டு வாளியிலேயே கழுவிக்கொண்டிருப்பேன்.

அவர் சீட்டு வந்த பிறகு, பன்னிரண்டையும் மறுபடி போட்டு, கழுவி, ஒரு மன்னிப்புக் கடிதத்தோடு எல்லோருக்கும் அனுப்பினேன். அவரிடமிருந்து பதில் கடிதம் வரவில்லை. அடுத்த சுற்றில் அவர் பிரிண்ட் வந்தது. நொய்யல் கரையில் ஒரு புளியமரம். திருப்பிப் பார்த்தேன். பென்சிலில் ஊர், வருடம், பேப்பர், டோனிங் எல்லாம் எழுதி, கடைசி வரியாக இரண்டே சொல்: “ஏழு தண்ணி.” அன்றிலிருந்து நானும் என் பிரிண்டின் பின்னால் அதை எழுதுகிறேன். எழுத வேண்டியிருக்கிறது என்பதாலேயே எண்ணிக் கழுவுகிறேன்.

இரண்டு படங்கள் கொண்டுவந்திருக்கிறேன். ஒன்று, திரும்பி வந்த என் கறைப் படம். அதன் பின்பக்கம் வெறுமையாக இருக்கும். மற்றது அவருடைய புளியமரம். இரண்டையும் இப்போது முதல் வரிசையிலிருந்து சுற்றுக்கு விடுகிறேன். விளிம்பைப் பிடித்துக்கொள்ளுங்கள், முன்னால் பார்த்ததும் திருப்பியும் பாருங்கள். காபியோடு பஜ்ஜி சாப்பிட்டவர்கள் மட்டும் தயவுசெய்து கை கழுவிவிட்டு வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.